பதினான்கு நாள் அவகாசம்

நோட்டீஸ் ஒட்டுவது என் வேலை.
ஓய்வுக்குப் பின் நானே தேடிக்கொண்டது; சம்பளம் கிடையாது.
புல் ஐந்து அங்குலம் தாண்டினால் ஒன்று,
குப்பைத்தொட்டி சாயங்காலமும் தெருவில் நின்றால் ஒன்று.
ஃபுளோரிடாவில், கால்வாய் வெட்டிய மண்ணை மேடாக்கி
அதன்மேல் எழுப்பிய குடியிருப்பு எங்களுடையது.
நூற்றுப் பன்னிரண்டு வீடு.
நூற்றுப் பதினொன்றின் வாசலில் ஒரே செம்பருத்தி.

மிச்சமிருப்பது ஒவீதியா கெஸாதாவின் வீடு.

புயல் அடித்த வருடம்
கடல் அவள் சமையலறைக்குள் வந்து
ஓர் இரவு தங்கிவிட்டுப் போனது.
உப்பில் எல்லாம் கருகிற்று, என் செம்பருத்தியும்தான்.
யார் தோட்டத்திலிருந்தோ பிய்ந்து
குப்பையோடு ஒதுங்கிய ஒரு குச்சி,
கட்டைவிரல் கனம்,
அதைக் கழுவி, வெட்டிய முனையில் பால் காயும்வரை
ஜன்னலோரம் வைத்திருந்து
வெறும் மணலில் சொருகினாள்.
எருக்கு.
உரம் இல்லை, பூசை இல்லை.
மழை மறந்த மாதங்களில் ஒரு வாளித் தண்ணீர், அவ்வளவே.
மூன்றாம் வருடம் அது என் தலையைத் தாண்டி
என் தொப்பியையும் தாண்டிற்று.

வளர்ந்ததற்கு யாரும் புகார் செய்யவில்லை.
தின்னப்பட்டதற்குத்தான்.
மாவு பூசியது போன்ற தடித்த இலைகள்
ஏப்ரலில் ஓரம் கரைந்து, நடு கரைந்து,
கடைசியில் நரம்பு மட்டும் நின்றது.
‘நோயுற்ற தோற்றம். விதி ஏழு, பிரிவு மூன்று’
என்று எழுதி, கையெழுத்திட்டு,
பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் வேலிக்கதவில் கட்டினேன்.
பதினான்கு நாள். அப்புறம் நாளுக்கு ஐம்பது டாலர்.

குழாயை மூடிவிட்டு வந்து வாசித்தாள்.
“நோய் இல்லை, வெண்டல். பந்தி.”
இலையைத் திருப்பினாள்.
கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழுக்கள்,
தலை நிமிராத தீனி.
காதை வைத்தால் மெல்லும் சத்தம் கேட்கும் என்றாள்.
வைக்கவில்லை.
ஒரு கிளையை ஒடித்துப் பார்க்கப் போனேன்,
கையைத் தட்டிவிட்டாள்:
“அந்தப் பாலோடு கண்ணைத் தேய்த்தால் ஆஸ்பத்திரிதான்.”

ஐந்தாம் நாள் போன் செய்தாள்:
“உன் காகிதத்தில் யாரோ குடியேறியிருக்கிறார்கள்.”

உறையின் மேல்மடிப்பில் தலைகீழாக
ஒரு பச்சைக் கூடு,
தோள்பட்டையில் பொன் புள்ளிகள் வரிசையாக.
எந்தத் தையல்காரனும் அவ்வளவு நேராகக் குத்தியதில்லை.
நோட்டீஸைக் கழற்ற அவளுக்கு அதிகாரம் இல்லை.
எனக்கு உண்டு.
கழற்றினால் அது நசுங்கும்.

தினமும் காலையில் போய்ப் பார்த்தேன்,
ஒழுங்கு கெடக்கூடாதே என்று.
அப்படி ஒரு விதி எதுவும் இல்லை.

மற்றப் புழுக்கள் எங்கே என்றேன் ஒரு நாள்.
குளவிக்கு நாலு, பல்லிக்கு இரண்டு,
மீதி தெரியாது என்றாள்,
பால்கணக்குச் சொல்பவள் போல.

பதின்மூன்றாம் நாள் கூடு கறுத்தது.
செத்துவிட்டது என்று நினைத்து
அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன்.
இரவு இருமுறை எழுந்தேன்.
வயசு, வேறென்ன.

மறுநாள் எட்டு மணிக்குக் கூடு கண்ணாடியாகியிருந்தது.
உள்ளே மடித்து வைத்த ஆரஞ்சு.
அது கீறிக்கொண்டு வெளியே வந்தபோது
ஏதோ கசங்கிய ஈரத்துணி என்றுதான் தோன்றும்;
தொங்கிக்கொண்டே தன்னைத் தானே
விரித்தது, விரித்தது.
ஒவீதியா காபி கொண்டுவந்தாள். ஆறிப்போயிற்று.
போகும்போது அது ஒரு சொட்டு விட்டது, செங்காவி நிறம்.
உறையின் வாய் வழியே இறங்கி
என் கையெழுத்தின் மேல் பரவியது.

அந்தக் காகிதம் கோப்பில் இருக்கிறது.
‘தற்போதைய நிலை’ என்ற கட்டம் காலி.
அதற்குள் எருக்கு கணுவுக்குக் கணு தளிர்விட்டிருந்தது;
விதி ஏழு இனிப் பொருந்தாது என்று சங்கத்தில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, ஒரு தளிரின் அடியில்
ஊசிமுனை அளவு வெளிர்மஞ்சள் முட்டை.
பக்கத்துத் தளிரிலும் ஒன்று.

நான் பார்க்கவில்லை.